உம்மாவின் கைக்குத் தெரியாத சூடு

உம்மாவின் கைக்குச் சூடு தெரியவில்லை என்பதை முதலில் கண்டது நானல்ல. நான் அப்போது ஜப்பானில் இருந்தேன். கல்முனைக்குடியில் ஒரு மையித்து வீட்டில், பின்வளவில் துணி கட்டி மறைத்த இடத்துக்குள், இறந்த பெண்ணைக் குளிப்பாட்ட எல்லாம் ஆயத்தமாக இருந்தபோது அது நடந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரை வாளியில் கலந்து, கையை விட்டுப் பார்த்து, பதம் சரி என்று உம்மா சொல்லியிருக்கிறார். இறந்தவரின் மருமகள் சவர்க்காரத்தைக் கரைக்க அதே வாளிக்குள் கையை விட்டு, சட்டென்று வெளியே இழுத்திருக்கிறார்.  ஒருவர் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து வாளியில் ஊற்றினார். உம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை சிவந்திருந்தது. மையித்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் படவில்லை.

அதற்குப் பிறகு உம்மாவை யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் ஊரில் பெண் மௌத்தானால் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். இதற்குக் கூலி கிடையாது. நன்மைக்குச் செய்வது. செய்யத் தெரிந்த பெண்கள் ஒவ்வொரு பகுதியிலும் சிலர் இருக்கிறார்கள், உம்மா அவர்களில் ஒருவர். கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருது வரை அவரைத் தேடி ஆட்டோ வரும். சமைத்துக்கொண்டிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு அபாயாவைப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார். நாங்கள் பாதி வெந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்த வேலையில் கண்ணை விடக் கைக்குத்தான் பங்கு அதிகம். மையித்தின் மேல் ஒரு துணி விரித்திருக்கும். அந்தத் துணியை விலக்கிப் பார்க்கக் கூடாது. குளிப்பாட்டுபவர் கையில் துணி சுற்றிக்கொண்டு, விரித்த துணிக்கு அடியில் கையை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, வயிற்றை மெல்ல அழுத்தி, அமத்தி, உள்ளே தங்கியதை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு ஊற்றுகிற இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். கண்ணுக்கு அனுமதியில்லாத இடத்தில் கைதான் எல்லாவற்றையும் அறிய வேண்டும். உம்மாவின் கைக்கு அது முடியாமல் போனது.

காரணம் அவருக்கு ஏற்றிய மருந்து. குடலில் புற்று வந்து, ஒரு பகுதியை வெட்டியெடுத்து, அதன் பிறகு மாதக்கணக்கில் மட்டக்களப்புக்குப் போய்வந்து மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து புற்றை அடக்கியது. கூடவே கைகால் நுனிகளின் நரம்பையும் கெடுத்தது. மருந்து ஏறிய நாட்களில் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்யக் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் கரண்ட் அடிப்பது போலிருக்குமாம். மருந்தை நிறுத்திய பிறகு அந்தக் கரண்ட் போய்விட்டது. அதன் இடத்தில் மரத்துப்போன விறைப்பு வந்தது. நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு விறைப்புக் கூடிக்கொண்டே போகும் என்பது மருத்துவம் படித்த எனக்குத் தெரியும். உம்மாவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

எனக்கும் யாரும் எதையும் சொல்லவில்லை. நான் படிப்பை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன் என்று பயந்து மறைத்துவிட்டார்கள். ஒருநாள் வீடியோவில் உம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவு மாமி போனைப் பறித்துக்கொண்டார். மாமி உம்மாவின் கூட்டாளி. இருவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி வளர்ந்தவர்கள்.

"ஒண்ட உம்மாட கொடல வெட்டி எடுத்திட்டாங்க மகள். இவ சொல்லமாட்டா. நான் சொல்றன். மறுகா என்னோட கோவிக்காத" என்றார் மாமி.

உம்மா போனை வாங்கினார். மெலிந்திருந்தார். நான் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. தலைத்துணியைத் தாழ்த்திக் கட்டியிருந்தார். எல்லாம் முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டு வார்டுக்குப் போய் அன்றைய நோயாளிகளின் குறிப்புகளை எழுதினேன்.  எழுத்து எப்போதும் போலவே இருந்தது.

நான் அங்கே எப்படிப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாப்பா மீன் வாங்கி உள்ளூர்ச் சந்தைகளுக்கு அனுப்புகிறவர், கையெழுத்து மட்டும் போடுவார். உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். கொழும்பில் யூனானி மருத்துவம் படித்தேன். பிறகு ஜப்பானில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்போ என்ற மூலிகை மருத்துவத்தையும் அக்குபங்சர் என்ற ஊசி மருத்துவத்தையும் பயிலப் புலமைப்பரிசில் கிடைத்தது. இதையெல்லாம் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. யாரும் தூக்கிவிட்டு நான் ஏறவில்லை.

கம்போ முற்காலத்தில் சீனாவிலிருந்து போய், ஜப்பானில் வேறு உருவம் எடுத்த வைத்தியம். அங்கே அதை எழுதிக்கொடுப்பவர்கள் எம்.பி.பி.எஸ். போன்ற படிப்பு முடித்த ஆங்கில வைத்தியர்கள்தான். எங்கள் நாட்டில் ஒரு நோயாளி ஆங்கில மருந்தையும் நாட்டு மருந்தையும் சேர்த்துக் குடித்தால் ஒரு டொக்டருக்குத் தெரியாமல் மற்ற டொக்டரிடம் போவார். அங்கே புற்றுநோய் டொக்டரும் கம்போ டொக்டரும் ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று ஒரே நோயாளியைப் பற்றிக் கதைத்தார்கள். மாத்திரைத் தட்டில் மூலிகைத் தூள் பக்கற்றும் இருந்தது. சுடுதண்ணீரில் கரைத்துக் குடித்தீர்களா, சாப்பாட்டுக்கு முன்னாலா என்று தாதிகள் கேட்டார்கள். முதல் வாரம் முழுக்க நான் அந்தத் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்போ டொக்டர் நாக்கைப் பார்ப்பார், நாடியைப் பிடிப்பார், பிறகு வயிற்றை அமத்துவார். நோயாளியைக் காலை நீட்டிப் படுக்கவைத்து, உள்ளங்கையால் வயிறு முழுக்கத் தடவி, விரல்நுனிகளால் அங்கங்கே அமத்துவார். எங்கே இறுக்கம், எங்கே தளர்வு, எங்கே நோகிறது என்று பார்த்துத்தான் மருந்தைத் தீர்மானிப்பார். தொப்புளுக்குக் கீழே பலமில்லாமல் தளர்ந்து கிடந்து, கைகாலில் குளிரும் விறைப்பும் இருந்தால் அதற்கென்று ஒரு தூள் இருந்தது. பத்து மூலிகை சேர்ந்தது. அதில் ஒன்று கறுவாப்பட்டை வகை. இன்னொன்று விஷம் நீக்கிப் பக்குவப்படுத்திய வத்சநாபிக் கிழங்கின் இனம். புற்றுநோய் மருந்தால் விறைத்துப்போனவர்களுக்கு அவர் அதைக் கொடுத்துப் பார்ப்பார். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, ஆராய்ச்சிகளும் ஒரே பதிலைச் சொல்லவில்லை என்று அவரே நோயாளிக்குச் சொல்லிவிடுவார். சட்டைப் பொத்தானைப் போட முடியாத ஒரு வயதான மனிதர் வந்துகொண்டிருந்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகும் பொத்தானை அவருடைய மனைவிதான் போட்டுவிட்டார். ஆனால் கால் எரிச்சல் குறைந்து தூங்குவதாகச் சொன்னார். டொக்டர் தலையை ஆட்டிவிட்டு அதே மருந்தைத் தொடர்ந்தார்.

ஊசி கற்றுத் தந்த ஆசிரியைக்குப் பார்வை இல்லை. பார்வையற்றவர்கள் இந்தத் தொழிலைச் செய்வது அங்கே பழைய வழக்கம். நோயாளியின் மேல் ஒரு துவாயைப் போர்த்திவிட்டு, அதற்கு அடியில் கையை விட்டு இடம் தேடுவார். முடி போல மெல்லிய ஊசி. அதைச் சிறிய குழாய்க்குள் வைத்துத் தோலில் நிறுத்தி, விரலால் ஒரு தட்டு. பெரும்பாலும் நோயாளிக்கு ஊசி போனதே தெரியாது. உம்மாவின் கையைப் பற்றியும் அவர் செய்யும் வேலையைப் பற்றியும் ஒருநாள் ஆசிரியையிடம் சொன்னேன். பாவம் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: தண்ணீரைப் பார்க்கும்போது உங்கள் அம்மாவுக்கு எந்த விரல் முதலில் சொல்லும்?

எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார் என்றார். இன்னொன்றும் சொன்னார். மூலிகையைக் கொளுத்திச் சூடு வைப்பது இந்த வைத்தியத்தில் ஒரு பங்கு. ஆனால் சூடு தெரியாத கைக்கு ஒருபோதும் சூடு வைக்காதே.

பயிற்சி முடித்து ஊருக்கு வந்த அன்று உம்மா வாசலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டார். முதுகில் அவர் கை இருந்தது. அவருக்கு என் முதுகு தெரிந்திருக்குமா என்று யோசித்தேன். உள்ளே போனதும் அந்த ஆசிரியையின் கேள்வியைக் கேட்டேன். உம்மா கையை விரித்து வைத்து, கையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"நாலு வெரலையும் ஒண்டாத்தான் உடுவன். சின்ன வெரல்தான் முதல்ல சொல்லும். மத்தது புறகு."

மட்டக்களப்பில் உம்மாவைப் பார்த்த புற்றுநோய் டொக்டரிடம் போனேன். என்னை உட்காரச் சொல்லி, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலமாக இருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன் என்றார். இப்போது இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, ஊசி போடலாம், சுத்தம் கவனம் என்றார். மூலிகைத் தூளைப் பற்றிக் கேட்டபோது, அதில் என்ன என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வத்சநாபி என்றதும் பேனாவை மேசையில் வைத்தார். அந்தத் தூளைக் கொடுப்பதானால் ஜப்பான் டொக்டர் பார்த்து எழுதிய மருந்தாக, முறையாக வந்ததாக இருக்க வேண்டும், இங்கே யாரும் இடித்துச் செய்ததாக இருக்கக் கூடாது என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

கம்போ டொக்டரை வீடியோவில் கூப்பிட்டேன். உம்மா நாக்கை நீட்டினார். தொலைவிலிருந்து வயிறு பார்க்க முடியாது, நீ அமத்திச் சொல் என்றார் அவர். கமராவை உம்மாவின் முகத்தோடு நிறுத்திவிட்டு, அவரைப் பாயில் படுக்கவைத்து, ஒரு துணியைப் போர்த்திவிட்டு, அடியில் கையை விட்டேன். வளர்ந்த பிறகு நான் உம்மாவின் வயிற்றைத் தொட்டதில்லை. வெட்டிய தழும்பு மேலிருந்து கீழே தடித்து ஓடியது. தழும்பைத் தவிர்த்து இரண்டு பக்கமும் மெதுவாக அமத்தினேன். தொப்புளுக்குக் கீழே போனதும் விரல் தடையில்லாமல் உள்ளே இறங்கியது.

"நாங்களும் இப்பிடித்தான் அமத்துற, மையித்துக்கு" என்றார் உம்மா. "கொஞ்சம் மெல்ல. நான் இன்னம் உசிரோட ஹயாத்தாத்தான் கிடக்கன்."

அவர் என்ன சொன்னார் என்று ஜப்பானிலிருந்து கேட்டார்கள். மொழிபெயர்த்தேன்.  டொக்டர், உங்கள் அம்மாவின் கை நல்ல கையாக இருந்திருக்க வேண்டும் என்றார்.

அறிகுறிகள் அந்தப் பத்து மூலிகைத் தூளுக்குப் பொருந்தின. ஆனால் தான் நேரில் பார்க்காத, வேறொரு நாட்டில் இருக்கிற நோயாளிக்கு அவரால் எழுதிக்கொடுக்க முடியாது. எழுதாத மருந்தை நான் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தாலும் அதன் பிறகு நெஞ்சு படபடத்தால், இரத்த அழுத்தம் மாறினால் அவர் பார்க்க முடியாது. ஆகவே பொருந்திய மருந்தைக் கொடுக்க வழி இருக்கவில்லை. உம்மாவிடம் சொன்னேன். சரி என்றார். ஊரில் சிலர், மகள் ஜப்பான் மருந்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு இல்லையென்கிறாள் என்று கதைத்தார்கள். மருந்து கேட்டு இரண்டு மூன்று பேர் வீட்டுக்கும் வந்தார்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். சிலர் நம்பினார்கள்.

ஊசி மட்டும் தொடங்கினேன். ஊரில் எனக்கு வேலை கிடைத்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, பின்னேர அஸர் தொழுதுவிட்டு, முன்னறையில் உம்மாவை உட்காரவைத்து, கையை ஒரு தலையணையின் மேல் வைப்பேன். விரல்களுக்கு இடையிலுள்ள சதையில் ஒவ்வொன்று, சின்ன விரல் பக்கமாக மணிக்கட்டில் ஒன்று, முழங்கைக்குக் கீழே, பிறகு காலில். உம்மாவை வேடிக்கை பார்க்க மாமி வருவார். மாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தப்படுத்திக்கொண்டு வருவார். போகாத நாட்களில் எங்கள் கதிரையில்தான் இருப்பார். அவருடைய கையில் மொத்தமான, தடித்த ஊசி குத்திய அடையாளங்கள் வீங்கிக் கிடந்தன. என்னுடைய ஊசியை எடுத்துப் பார்த்துவிட்டு, இது ஊசியா, என் பேத்தியின் தலைமயிர் இதைவிட மொத்தம் என்பார்.

ஒரு நாள் மாமி சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னகா, இவள்ட ஊசியில கை வருமா? கெதியா வந்தா நல்லம். எனக்கு நெடுகக் காத்துக்கிட்டு இரிக்க ஏலா."

அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு வாக்கு இருந்தது. யார் முந்துகிறாரோ அவரை மற்றவர் குளிப்பாட்ட வேண்டும். உம்மாவின் வயிற்றை வெட்டிய காலத்தில், மாமி தான்தான் குளிப்பாட்டப் போகிறேன் என்று நினைத்து, எப்படிச் செய்வது என்று உம்மாவிடமே கேட்டுப் படித்தாராம். "இப்ப இவ தப்பிட்டா. படிச்ச படிப்பு வீணாப் பெயித்து" என்றார் மாமி.

உம்மா சிரித்தார். பிறகு சொன்னார்: "மையித்தக் குளிப்பாட்டுறதுக்கு என்ன இப்ப ஆரும் கூப்புடுற இல்ல. நீ மௌத்தானாலும் ஒண்ட புள்ளைகள் வேற ஆளத்தான் கூப்புடும்."

"கூப்புடட்டும். நான் எழும்பி இருந்து, இவ இல்லாட்டி வேணாம் எண்டு சொல்லுவன்."

அதற்குப் பிறகு மாமி கதையை மாற்றிவிட்டார். உம்மா சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான், நான் ஊசி போடுவது எதற்காக என்று முழுவதும் விளங்கியது. உம்மா சுகமாக வேண்டும் என்று அல்ல. மாமிக்கு முன்னால் கை வந்துவிட வேண்டும் என்பதற்காக.

காலில் முதலில் மாற்றம் வந்தது. செருப்பு கழன்றுபோவது அவருக்குத் தெரியத் தொடங்கியது. கையில் ஒன்றும் இல்லை. நான் சோதித்துப் பார்க்க இரண்டு கோப்பை வைப்பேன், ஒன்றில் சுடுதண்ணீர், மற்றதில் பச்சைத்தண்ணீர். உம்மா விரலை வைத்துச் சரியாகச் சொல்வார். எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் விரலை வைப்பதற்கு முன் கோப்பையைப் பார்ப்பதைக் கண்டேன். ஆவி எழுவதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மறுமுறை கண்ணை மூடச் சொன்னேன். நெடுநேரம் இருந்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்றார். நான் ஊசிகளைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். அவர் எழுந்து தேநீர் ஊற்றப் போனார். கேத்தலில் கை படப்போகிறது என்று நான் பின்னால் போனேன். அவர் கைப்பிடித் துணியைச் சுற்றித்தான் பிடித்திருந்தார்.

நோன்பு மாதம் வந்தது. ஊசி குத்தினால் நோன்பு முறியுமா என்று மாமி பள்ளிவாசல் மௌலவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். உடம்புக்குள் உணவோ மருந்தோ போகவில்லையானால் முறியாது என்று பதில் வந்தது. ஆகவே நிறுத்தவில்லை. மாமிக்கு நோன்பு பிடிக்க முடியாது. ஆனால் எங்களோடு இருந்து நோன்புக் கஞ்சியின் வாசனையைப் பிடித்துக்கொண்டிருப்பார். உப்புச் சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்டு, அவருக்கென்று கொஞ்சம் கஞ்சியை உப்பில்லாமல் எடுத்துவைப்பார் உம்மா. ஜப்பான் டொக்டர் வந்து எங்கள் கஞ்சியையும் கெடுத்துவிட்டாள் என்பார் மாமி.

பெருநாள் கழிந்து சில வாரங்களில் உம்மாவின் சின்ன விரலில் ஏதோ தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கோப்பையில் வைத்தபோது விரலை ஒருமுறை அசைத்தார்.

"ஏதோ ஒண்டு வருது" என்றார்.

சூடா குளிரா என்று கேட்டேன். அது தெரியவில்லை, ஏதோ ஒன்று என்றார். அன்று கம்போ டொக்டருக்கும் ஆசிரியைக்கும் செய்தி அனுப்பினேன். நல்லது, தொடருங்கள் என்று இருவருமே எழுதினார்கள். அவ்வளவுதான் எழுதுவார்கள். நானும் வேறு ஒரு நோயாளிக்கு அவ்வளவுதான் எழுதியிருப்பேன்.

மாமி ஒரு காலை நேரத்தில் மௌத்தானார். இரத்தம் சுத்தப்படுத்தப் போவதற்கு உடுத்திக்கொண்டு, ஆட்டோ வரும்வரை கதிரையில் இருந்தவர் அப்படியே போய்விட்டார். மாமியின் மகள் ஓடிவந்து சொன்னபோது உம்மா அடுப்படியில் இருந்தார். இன்னாலில்லாஹி சொன்னார். அடுப்பை அணைத்தார். உள்ளே போய் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து, என்னைப் பார்த்து, நீயும் வா என்றார். நான் ஒருபோதும் அந்த மறைப்புக்குள் போனதில்லை. போனேன்.

நண்பகல் லுஹருக்குப் பிறகு குளிப்பாட்ட ஆயத்தமானார்கள். கட்டிலைப் போட்டு, துணி கட்டி, இலந்தை இலை போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்திருந்தார்கள். சாய்ந்தமருதிலிருந்து குளிப்பாட்டுகிற வேறொரு பெண்ணும் வந்திருந்தார். யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் உம்மாவைக் கண்டதும் சலாம் சொல்லி, ஒதுங்கி நின்றார். எல்லோரும் மாமியின் மகளைப் பார்த்தார்கள். மகள்தான் தீர்மானிக்க வேண்டும். அவருக்கு அழுதழுது முகம் வீங்கியிருந்தது. உம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"சாச்சி, என்ட உம்மா உங்களத்தான் சொன்னவ. எனக்குத் தெரியும். ஆனா உங்கட கைக்குச் சூடு தெரியுமா? தெரியும் எண்டா சொல்லுங்க, நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

 உம்மா வாளியடிக்குப் போய் சட்டையின் கையை மடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நாலு விரலையும் ஒன்றாகத் தண்ணீரில் விட்டார். நான் வாளிக்கு மேலே எழுந்த ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறக்கவில்லை அவர்.

"சின்ன வெரலுக்கு என்னமோ தெரியிது" என்றார். "அது சூடா, இல்லாட்டி என்ட ஆசையா எண்டு எனக்குத் தெரியா. என்ட மகள்ட கைக்குத் தெரியும். அவ பாக்கட்டும், நான் செய்யிறன். ஏலா எண்டா நான் போறன்."

 சாய்ந்தமருதுப் பெண்தான் ஒரு வாளி பச்சைத்தண்ணீரை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். மாமியின் மகள் தலையை ஆட்டினார்.

நான் கையை விட்டுப் பார்த்தேன். அதிகமாக இருந்தது. பச்சைத்தண்ணீர் விட்டுக் கலந்தேன். மீண்டும் பார்த்தேன். மணிக்கட்டிலும் ஊற்றிப் பார்த்துவிட்டுப் போதும் என்றேன். உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார். கையில் துணியைச் சுற்றுவதும் மாமியை ஒரு பக்கமாகச் சரிப்பதும் பிடரியில் கை கொடுப்பதும் எப்போதும் செய்தது போலவே இருந்தன. அந்த வேலைகளை அவருடைய உடம்பு மறக்கவில்லை. துணிக்கு அடியில் கை போனபோது மட்டும் நிறுத்தினார். நான் என் கையிலும் துணி சுற்றிக்கொண்டு, அவர் கைக்குப் பின்னாலேயே போனேன். இங்கே முடிந்ததா என்று அவர் கேட்பார். இன்னும் கொஞ்சம் என்பேன், அல்லது முடிந்தது என்பேன். வேறு கதை இல்லை.

வயிற்றை அமத்த வேண்டிய இடம் வந்தது. தலைப்பக்கத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உம்மா என்னைப் பார்த்தார்.

"இத நீ செய். எனக்கு எவ்வளவு அமத்துற எண்டு தெரியாது. எனக்கு அமத்தினமாதிரி அமத்து."

உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகக் கொண்டுவந்தேன். ஜப்பானில் எத்தனையோ வயிறுகளில் படித்த அமத்தல் அது. அமத்தும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்கப் பழக்கியிருந்தார்கள், நோகிறதா என்று அறிவதற்கு. நான் பழக்கத்தில் மாமியின் முகத்தைப் பார்த்தேன். பிறகு கையைப் பார்த்தேன். மாமியின் கையைக் கழுவும்போதும் அப்படித்தான் நடந்தது. மாமியின் மணிக்கட்டைப் பிடித்ததும் என் மூன்று விரல்களும் தாமாகவே நாடி பிடிக்கும் இடத்தில் போய் இருந்தன. சிறிது நேரம் அப்படியே இருந்தன. உம்மா தண்ணீரை ஊற்றக் காத்துக்கொண்டிருந்தார். விரல்களை எடுத்தேன். அவர் ஊற்றினார்.

கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்தார்கள். அதையும் நான்தான் பார்த்தேன். கபன் துணியை உம்மா உடலில் சுற்றினார், முடிச்சுகளைச் சாய்ந்தமருதுப் பெண் போட்டார். அஸருக்கு முன் அடக்கம் செய்ய ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.  மாமியின் மகள் உம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார். உம்மா கையை எடுக்காமல் நின்றார். அந்தக் கன்னம் சூடாக இருந்ததா ஈரமாக இருந்ததா என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

நான் அழவில்லை. எல்லோரும் என்னைப் பற்றி, படித்த பிள்ளை, பயமில்லாமல் நின்று செய்தாள் என்று கதைத்தார்கள். அது பெருமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்தப் பெருமை வேறு யாரையோ பற்றிச் சொன்னது போல, மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கத்தில் நின்றது.

மையித்தைக் குளிப்பாட்டியவர் வீட்டுக்கு வந்து குளிப்பது வழக்கம். உம்மா எப்போதும் அப்படித்தான் செய்வார். சுடுதண்ணீரைத் தானே அடுப்பிலிருந்து இறக்கித் தானே கலந்துகொள்வார். கை கெட்டுப்போன பிறகு தன் அன்றாடக் குளியலுக்குக்கூட அதை என்னிடம் விட்டதில்லை. நான் கிட்டப் போனால், எனக்குத் தெரியும், போ என்பார். சுட்ட அடையாளங்களை மறைக்கக் கைநீளச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்.

அன்று நான் முன்னறையில் ஊசிப் பெட்டியைத் திறந்து, தலையணையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நேரம் ஏறக்குறைய எங்கள் வழமையான நேரம்தான். மாமியின் கதிரை அதே இடத்தில் இருந்தது. கிணற்றடியிலிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

"மகள், இத ஒருக்கா வந்து பாரு."

போனேன். வாளிக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒரு வாளி பச்சைத்தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.